செத்த கெர்னல் சாட்சி சொல்லுமா? க்ராஷ் டம்ப்பும் நாலு வகை ப்ராசஸரும்

ராத்திரி 2 மணிக்கு ஒரு சர்வர் தானாகவே ரீபூட் ஆகியிருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் ஓடுது. லாக் ஃபைலைத் திறந்தால் 1:59 வரைக்கும் வழக்கமான வரிகள். அடுத்த வரியே புது பூட்டின் முதல் வரி. நடுவில் என்ன நடந்ததுன்னு ஒரு எழுத்துகூட இல்லை. "சரி, இப்போ ஓடுதுல்ல, விடு" என்று எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அடுத்த வாரம் திரும்பவும் அதே 2 மணி.

லாக்கில் ஏன் எதுவும் இல்லை? லாக் வரிகளை டிஸ்க்கில் எழுதுவதற்கே கெர்னல் உயிரோடு இருக்க வேண்டும். ஃபைல் சிஸ்டம், டிஸ்க் டிரைவர், ஷெட்யூலர் எல்லாம் வேலை செய்தால்தான் ஒரு வரி டிஸ்க்குக்குப் போகும். கெர்னல் விழுந்த அந்த நொடியில் கடைசி வரிகள் ரேமில்தான் இருந்தன. ரீபூட் ஆனதும் அதுவும் போச்சு. குற்றம் நடந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அப்புறம் போலீஸைக் கூப்பிட்ட கதைதான்.

இந்தத் தடயத்தைக் காப்பாற்றுவதற்குத்தான் கெர்னல் க்ராஷ் டம்ப். ஓஎஸ் பேப்பரில் "கோர் டம்ப்" என்று ஒரு வரி படித்திருப்போம். ஒரு ப்ராசஸ் செத்தால் அதன் மெமரியை கெர்னல் ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். சரி, கெர்னலே செத்தால் யார் எழுதுவது? புத்தகம் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு முன்னாடியே அடுத்த யூனிட்டுக்குத் தாவிவிடும். நாம அங்கேயிருந்து ஆரம்பிப்போம்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில், உச்சரிப்புப்படி கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.

தன் மரணச் சான்றிதழைத் தானே எழுத முடியுமா?

முதலில் தோன்றும் வழி இதுதான்: சாகப் போகிற கெர்னலே கடைசி மூச்சில் மெமரியை டிஸ்க்கில் எழுதிவிட்டுப் போகட்டும். இது ஒன்றும் கேலிக்குரிய யோசனை இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் பேனிக் ஆன கெர்னல், பெரும்பாலும் ஸ்வாப் பார்ட்டிஷனிலேயே டம்ப்பை எழுதும். அடுத்த பூட்டில் சேவ்கோர் என்ற நிரல் அதை எடுத்து ஃபைலாக மாற்றிவைக்கும். விண்டோஸ், க்ராஷ் சமயத்துக்கென்றே தனியாக எடுத்துவைத்த டிஸ்க் டிரைவர் பிரதியை வைத்து பேஜ் ஃபைலில் எழுதும். நீலத் திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்திருப்பீங்களே, அந்த வேலைதான்.

லினக்ஸிலும் ஆரம்பத்தில் எல்கேசிடி, நெட்டம்ப், டிஸ்க்டம்ப் என்று இதே பாணியில் பல முயற்சிகள் நடந்தன. சிக்கல் எங்கே என்றால், கெர்னல் எதனால் செத்தது என்பதே நமக்குத் தெரியாது. டிஸ்க் டிரைவரிலேயே பிழை என்றால்? ஃபைல் சிஸ்டத்தின் டேட்டா ஸ்ட்ரக்சர் கெட்டுப்போயிருந்தால்? எழுதவேண்டிய லாக்கை வேறொரு சிபியூ பிடித்துக்கொண்டு உறைந்து நின்றால்? உடைந்த கையால் எழுதச் சொல்வது போலத்தான். அதைவிட மோசம், தப்பான இடத்தில் எழுதி நல்ல டேட்டாவையும் கெடுத்துவிடலாம்.

இதற்கு லினக்ஸ் கண்டுபிடித்த பதில்: செத்தவனை நம்பாதே, பக்கத்து அறையில் இன்னொருத்தனைத் தயாராக வை. அந்த இன்னொருத்தன் ஒரு முழு கெர்னல். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்து பயாஸ் பக்கம் போகாமலே நேராக இன்னொரு கெர்னலுக்குத் தாவும் கேஎக்ஸெக் வசதியை எரிக் பீடர்மேன் உருவாக்கினார். அதன்மேல் கேடம்ப்பை ஐபிஎம் பொறியாளர்கள் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா முதலானோர் கட்டினார்கள். இவர்கள் மூவரும் 2005-ல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை கொடுத்தார்கள். அதே ஆண்டு 2.6.13 கெர்னலில் கேஎக்ஸெக், கேடம்ப் இரண்டும் சேர்ந்தன.

ஒதுக்கி வைத்த இடம்

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது. கேடம்ப் மொத்தமும் இந்தப் பழமொழிதான்.

பூட் ஆகும்போதே கெர்னலுக்கு "க்ராஷ்கெர்னல்=256எம்" என்று ஒரு பாராமீட்டர் கொடுக்கிறோம். கெர்னல் உடனே ரேமில் 256 எம்பியைத் தனியாக ஒதுக்கிவிடும். அந்த இடத்தை அதற்கப்புறம் வேறு எதற்கும் பயன்படுத்தாது. பிறகு "கேஎக்ஸெக் -பி" கட்டளை, பிடிப்பு கெர்னலையும் அதற்கான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் அந்த இடத்தில் ஏற்றிவைக்கும். இரண்டாவது கெர்னல் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

முதல் கெர்னல் பேனிக் ஆனதும் நடப்பது இது. மற்ற சிபியூக்கள் எல்லாம் நிறுத்தப்படும். ஒவ்வொரு சிபியூவின் ரிஜிஸ்டர் மதிப்புகளும் ஒரு குறிப்பில் சேமிக்கப்படும். பிறகு இரண்டாவது கெர்னலுக்குத் தாவல். அது தனக்கென ஒதுக்கிய சின்ன இடத்துக்குள்ளேயே பூட் ஆகி, மீதி ரேமைத் தொடாமல், அதை "/ப்ராக்/விஎம்கோர்" என்ற ஃபைலாகக் காட்டும். அந்த ஃபைல் நாம் காலேஜில் பார்த்த அதே எல்ஃப் வடிவம்தான். அதை டிஸ்க்குக்கோ நெட்வொர்க்கில் வேறு கணினிக்கோ காப்பி பண்ணிவிட்டு, இரண்டாவது கெர்னல் சாதாரண ரீபூட் கொடுத்துவிடும்.

இங்கே ஒரு நல்ல கேள்வி வரும். பேனிக் ஆனதும் ஏதோ ஒரு காலி இடத்தை அப்போதே எடுத்துக்கொண்டால் என்ன? எதுக்கு முதலிலிருந்தே 256 எம்பியை வீணாகப் பூட்டி வைக்கணும்?

காரணம் டிஎம்ஏ. நெட்வொர்க் கார்டு, டிஸ்க் கன்ட்ரோலர் போன்றவை சிபியூவைக் கேட்காமலே ரேமில் நேராக எழுதும். கெர்னல் செத்த விஷயம் அந்தக் கார்டுகளுக்குத் தெரியாது. பழைய கெர்னல் கொடுத்த முகவரிகளில் அவை பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். புது கெர்னல் அந்த இடத்தில் உட்கார்ந்தால் அதன் தலையிலேயே பாக்கெட் வந்து விழும். முதலிலிருந்தே ஒதுக்கிய இடத்தை எந்த டிவைஸுக்கும் டிஎம்ஏ முகவரியாகக் கொடுத்ததே இல்லை. அதனால்தான் அது பத்திரமான இடம். 256 எம்பி என்பது வீண் செலவு இல்லை, இன்சூரன்ஸ் ப்ரீமியம்.

இதுவரை சொன்னது எல்லா ப்ராசஸருக்கும் பொது. ஆனால் "ஒரு கெர்னலிலிருந்து இன்னொரு கெர்னலுக்குத் தாவு" என்ற ஒற்றை வாக்கியம், ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரிலும் ஒவ்வொரு விதமாக நடக்கிறது. ஒரு கணினியில் வேலை செய்த வரியை அப்படியே இன்னொன்றில் ஒட்டினால் பிழைச் செய்திகூட வராமல் போகலாம். விஷயம் தெரியவருவது க்ராஷ் ஆன பிறகுதான்.

எக்ஸ்86: பழைய வீட்டின் பழைய வழக்கங்கள்

நம்ம லேப்டாப், பெரும்பாலான சர்வர்கள் எல்லாம் இந்த வகை. இங்கே முதல் சிக்கல், ரேமின் அடிமட்டம். கெர்னல் எங்கே ஏறினாலும் சரி, பூட் ஆவதற்கு முதல் 640 கேபி தேவைப்படும். 1981 ஐபிஎம் பிசி காலத்து எல்லை இன்னமும் நம்மை விடவில்லை. அதனால் இப்போதைய கெர்னல்கள் முதல் 1 எம்பி முழுவதையும் ஒதுக்கிவிடுகின்றன. அங்கே வேறு எதுவும் எழுதப்படாததால், பிடிப்பு கெர்னல் அதைத் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, 4 ஜிபி கோடு. பெரிய சர்வர்களில் 4 ஜிபிக்குக் கீழே இடம் நெருக்கடியாக இருக்கும். "க்ராஷ்கெர்னல்=512எம்,ஹை" என்று கொடுத்தால் மேலே ஒதுக்கலாம். ஆனால் 32 பிட் முகவரி மட்டுமே தெரிந்த டிவைஸ்கள் அங்கே எட்டாது. அதனால் கெர்னல் கீழேயும் தானாக ஒரு பகுதி எடுத்துக்கொள்ளும். எக்ஸ்86-ல் அது குறைந்தது 256 எம்பி. ஆக "512 கொடுத்தேன், 768 போயிருக்கே" என்று குழம்ப வேண்டாம்.

மூன்றாவது, பிடிப்பு கெர்னலுக்குக் கொடுக்கும் "என்ஆர்_சிபியூஸ்=1". ஏன் ஒரே ஒரு சிபியூ? மெமரி மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொன்று சுவாரசியமானது. பேனிக் 5-ஆம் சிபியூவில் நடந்தால் பிடிப்பு கெர்னலும் அதே 5-ஆம் சிபியூவில்தான் ஓட ஆரம்பிக்கும். அங்கிருந்து, முதலில் பூட் ஆன சிபியூவை வழக்கமான இனிட் சிக்னல் கொடுத்து எழுப்பினால், அது நேராக பயாஸின் தொடக்கக் கோடுக்குப் போய்விடும். கணினியே ரீசெட் ஆகலாம், தொங்கிப் போகலாம். தூங்குகிற பெரியவரை எழுப்பாமல் வேலையை முடிப்பதே நல்லது.

எக்ஸ்86-க்கு கெர்னல் ஆவணம் சொல்லும் பாராமீட்டர்கள்: 1, ஐஆர்க்யூபோல், என்ஆர்_சிபியூஸ்=1, ரீசெட்_டிவைசஸ். முதலில் இருக்கும் 1 என்றால் சிங்கிள் யூசர் மோடு. கடைசி ஒன்று டிரைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: "டிவைஸ் சுத்தமான நிலையில் இருக்குன்னு நம்பாதே, முதலில் ரீசெட் பண்ணு."

ஆர்ம்64: பேஜ் அளவைக் கேட்டுட்டு வா

ஆர்ம்64-க்கு கேடம்ப் 2017-ல், 4.12 கெர்னலில் வந்தது. இங்கே பயாஸ் பாரம்பரியம் கிடையாது. பிடிப்பு கெர்னலுக்கு "உனக்கு இந்த இடம் மட்டும்தான்" என்ற தகவல் டிவைஸ் ட்ரீயின் சூசன் நோடு வழியாகப் போகும். தொடக்க முகவரியை நாமே கொடுப்பதானால் அது 2 எம்பி எல்லையில் சரியாக உட்கார வேண்டும். பேசாமல் முகவரியை விட்டுவிட்டு அளவை மட்டும் கொடுப்பது உத்தமம்.

ஆர்ம்64-ல் எல்லாரும் தடுக்கி விழும் இடம் பேஜ் அளவு. எக்ஸ்86-ல் அடிப்படை பேஜ் 4 கேபி. ஆர்ம்64 கெர்னலை 4 கேபி, 16 கேபி, 64 கேபி என்று மூன்று விதமாகக் கட்டலாம். 64 கேபி பேஜ் என்றால், கெர்னல் ஒரு பேஜ் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் 16 மடங்கு பெரிய துண்டு போகும். ரேம் தாராளமாக இருக்கும்போது இது தெரியாது. பிடிப்பு கெர்னல் வாழ்வதே சின்ன அறையில்; அங்கே மெமரி தீர்ந்து, டம்ப் எழுதும் முன்னாடியே அதுவும் செத்துவிடும். "கெட்கான்ஃப் பேஜ்சைஸ்" என்று அடித்தால் உங்கள் கெர்னலின் பேஜ் அளவு வந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, மற்ற சிபியூக்களை நிறுத்துவது. எக்ஸ்86-ல் என்எம்ஐ என்று, யாராலும் மறுக்க முடியாத இன்டரப்ட் ஒன்று உண்டு. இன்டரப்டை அணைத்துவிட்டு முடிவில்லாத லூப்பில் சுற்றும் சிபியூகூட அதற்குப் பதில் சொல்லியே ஆகணும். பெரும்பாலான ஆர்ம்64 சிப்களில் அப்படி ஒன்று நேரடியாக இல்லை. ஜிஐசி பதிப்பு 3 உள்ள கணினிகளில் இன்டரப்ட் முன்னுரிமையை வைத்துப் போலி என்எம்ஐ ஒன்றை உண்டாக்கலாம். ஆனால் அதை பூட் பாராமீட்டரில் நாம்தான் இயக்க வேண்டும்.

பவர்: ஃபர்ம்வேரே துணைக்கு வரும்

ஐபிஎம்மின் பவர் ப்ராசஸர்களில் கேடம்ப் உண்டு. பூட்டுக்கு ரேமின் முதல் 32 கேபி தேவை. 64 கேபி பேஜ் கெர்னலையும் கணக்கில் எடுத்து, முதல் 64 கேபியை கேஎக்ஸெக் வேறு இடத்தில் பிரதி எடுத்துவைக்கும். பாராமீட்டரும் கொஞ்சம் மாறும்: என்ஆர்_சிபியூஸ்க்குப் பதில் ஆவணம் சொல்வது "மேக்ஸ்சிபியூஸ்=1", கூடவே "நோஐஆர்க்யூடிஸ்ட்ரிப்". எக்ஸ்86 வரியை அப்படியே ஒட்டக்கூடாது என்பதற்கு நேரடி உதாரணம் இது.

ஆனால் பவரின் ஸ்பெஷல் வேறு. அதன் பெயர் எஃப்ஏடம்ப், அதாவது ஃபர்ம்வேர் உதவியுடன் எடுக்கும் டம்ப். பூட் பாராமீட்டரில் "எஃப்ஏடம்ப்=ஆன்" என்று கொடுத்தால், கெர்னல் தொடக்கத்திலேயே "இந்தப் பகுதிகளைப் பாதுகாக்கணும்" என்று ஃபர்ம்வேரிடம் பதிவு செய்துவிடும். க்ராஷ் ஆனதும் ஃபர்ம்வேர் அந்தப் பகுதிகளைப் பத்திரப்படுத்திவிட்டுக் கணினியை முறையாக ரீசெட் செய்து, வழக்கமான கெர்னலையே மறுபடி பூட் செய்யும். தனியாக ஒரு பிடிப்பு கெர்னல் தூங்கிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை.

லாபம் என்ன? டிவைஸ்கள் எல்லாம் உண்மையிலேயே ரீசெட் ஆகி சுத்தமான நிலையில் இருக்கும். மேலே பார்த்த டிஎம்ஏ தலைவலி இல்லை. டம்ப் எழுதி முடித்ததும், பிடித்துவைத்த மெமரி ஓடும் கெர்னலுக்கே திரும்பிவிடும். கடைசியில் கிடைப்பது அதே "/ப்ராக்/விஎம்கோர்" என்பதால் மேலே ஓடும் கருவிகளுக்கு வித்தியாசம் தெரியாது.

எஸ்390எக்ஸ்: இடத்தையே மாற்றிக்கொள்ளும் கில்லாடி

வங்கிகளில் இருக்கும் ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் ஆர்க்கிடெக்சர் இது. மற்ற கணினிகளில் பிடிப்பு கெர்னல் ரேமின் நடுவில் எங்கோ ஓட வேண்டும் என்பதால், எந்த முகவரியிலும் ஓடும்படி அதைக் கட்டியிருக்க வேண்டும். எஸ்390எக்ஸ் வேறு வழி எடுக்கிறது. பேனிக் ஆனதும், ஒதுக்கிய பகுதியையும் ரேமின் அடிப்பகுதியையும் அப்படியே இடம் மாற்றிவிடும். 256 எம்பி ஒதுக்கியிருந்தால், முகவரி 0 முதல் 256 எம்பி வரை இருந்தது மேலே போகும். பிடிப்பு கெர்னல் கீழே வந்து 0-வில் உட்காரும். பரீட்சை ஹாலில் இரண்டு பேர் பெஞ்ச் மாறி உட்காருவது மாதிரி. டேட்டா எதுவும் அழியாது.

இங்கே கவனிக்க வேண்டியது பூட்லோடர். க்ரப் உள்ள கணினிகளில் கான்ஃபிக் மாற்றி "அப்டேட்-க்ரப்" அடிப்போம். எஸ்390எக்ஸில் பூட்லோடர் ஸிப்ல். ஸிப்ல் கான்ஃபிக் ஃபைலில் வரியை மாற்றிவிட்டு "ஸிப்ல்" கட்டளையை மறுபடி ஓட்டாவிட்டால், மாற்றம் டிஸ்க்கின் பூட் பகுதிக்குப் போகவே போகாது. ஃபைலைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், கணினி பழைய வரியிலேயே பூட் ஆகும்.

மெயின்ஃப்ரேமுக்குக் கடைசி ஆயுதம் ஒன்றும் இருக்கிறது. கெர்னல் பேனிக்கூட ஆகாமல் மொத்தமாக உறைந்துவிட்டால், முன்கூட்டியே தயார் செய்த டம்ப் டிஸ்க்கிலிருந்து ஆபரேட்டர் பூட் கொடுக்கலாம். அந்தச் சின்ன நிரல் ரேமை எடுத்து டிஸ்க்கில் எழுதும். லினக்ஸின் ஒத்துழைப்பே தேவையில்லை.

ரிஸ்க்-வியையும் மறக்க வேண்டாம். 2021-ல் வந்த 5.13 கெர்னல் முதல் அதற்கும் கேடம்ப் உண்டு. ரிஸ்க்-வி போர்டில் ப்ராஜெக்ட் பண்ணுபவர்கள் உங்கள் போர்டின் கெர்னல் பதிப்பை முதலில் பாருங்கள்.

எவ்வளவு ஒதுக்கணும்?

ஆர்க்கிடெக்சர் வித்தியாசம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 32 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு, ரெட் ஹாட் லினக்ஸ் 9-ஆம் வரிசையின் பிந்தைய வெளியீடுகள் கேடம்ப்புக்குப் பரிந்துரைக்கும் அளவு:

- எக்ஸ்86 64 பிட்: 256 எம்பி
- எஸ்390எக்ஸ்: 256 எம்பி
- ஆர்ம்64, 4 கேபி பேஜ்: 320 எம்பி
- ஆர்ம்64, 64 கேபி பேஜ்: 420 எம்பி
- பவர்: 1 ஜிபி

ஒரே ரேம்தான். எக்ஸ்86-க்குப் போதுமான அளவை பவரில் கொடுத்தால் நாலில் ஒரு பங்குதான் வருகிறது. ரேம் அளவைப் பொறுத்து மாறும்படியும் எழுதலாம். "க்ராஷ்கெர்னல்=512எம்-2ஜி:64எம்,2ஜி-:128எம்" என்றால், 512 எம்பிக்குக் குறைந்த ரேமில் எதுவும் வேண்டாம், 2 ஜிபி வரை 64 எம்பி, அதற்கு மேல் 128 எம்பி என்று அர்த்தம். கெர்னல் ஆவணத்தில் உள்ள உதாரணம் இது. இன்றைய டிஸ்ட்ரோக்களுக்கு இந்த எண்கள் பத்தாது, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாமே கொன்று பார்ப்போம்

இதைப் படித்தால் மட்டும் போதாது, செஞ்சு பார்க்கணும். லேபில் இருக்கும் கணினியில் வேண்டாம், க்யூஎமுவிலோ வர்ச்சுவல்பாக்ஸிலோ 2 ஜிபி ரேம் கொடுத்து டெபியன் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. "கேடம்ப்-டூல்ஸ்" பேக்கேஜை நிறுவுங்கள். உபுண்டு என்றால் "லினக்ஸ்-க்ராஷ்டம்ப்".

2. க்ரப் வரியில் க்ராஷ்கெர்னல் அளவை 256எம் ஆக்கி, அப்டேட்-க்ரப் ஓட்டி, ரீபூட் செய்யுங்கள். ஒதுக்குவது பூட்டில் மட்டுமே நடக்கும் என்பதால் ரீபூட் கட்டாயம்.

3. "/ப்ராக்/சிஎம்டிலைன்" ஃபைலில் நம் வரி வந்திருக்கா என்று பாருங்கள். அது வந்தாலே இடம் கிடைத்தது என்று அர்த்தமில்லை. ரூட்டாக "/ப்ராக்/ஐஓமெம்" திறந்து, அதில் க்ராஷ் கெர்னல் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

4. "/சிஸ்/கெர்னல்/கேஎக்ஸெக்_க்ராஷ்_லோடட்" ஃபைலில் 1 இருக்க வேண்டும். 0 என்றால் அறை இருக்கு, ஆள் இல்லை. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இப்படி ஆகலாம். கையொப்பமிட்ட கெர்னலைத்தான் அங்கே ஏற்ற முடியும்.

5. "சிங்க்" அடித்துவிட்டு, ரூட்டாக, "எக்கோ சி > /ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர்". அவ்வளவுதான், கெர்னல் செத்துப்போகும்.

திரையில் இரண்டாவது கெர்னல் பூட் ஆவது ஓடும், டம்ப் எழுதும், ரீபூட் ஆகும். "/வார்/க்ராஷ்" அடைவில் தேதியோடு ஒரு ஃபோல்டர் இருந்தால் பாஸ்.

இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியவை மூன்று. ஒன்று, ஒதுக்கிய மெமரி பத்தவில்லை. இரண்டு, பிடிப்பு கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் உங்கள் டிஸ்க்குக்கோ நெட்வொர்க் கார்டுக்கோ டிரைவர் இல்லை. மூன்று, டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது. லக்ஸ்2 என்க்ரிப்ஷனின் ஆர்கான்2 முறை, சாவியைத் திறக்கவே 1 ஜிபி வரை மெமரி கேட்கலாம். 256 எம்பி அறைக்குள் அது நடக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம். கேடம்ப் ஓடுவது பேனிக் ஆனால் மட்டும்தான். நம்ம கெர்னல் மாட்யூலில் நல் பாயின்டரைத் தொட்டால் வருவது பெரும்பாலும் ஊப்ஸ். அது அந்த ப்ராசஸை மட்டும் கொன்றுவிட்டு கெர்னல் நொண்டிக்கொண்டே ஓடும். ஊப்ஸிலும் டம்ப் வேண்டும் என்றால் சிஸ்சிடிஎல்லில் "கெர்னல்.பேனிக்_ஆன்_ஊப்ஸ்=1" வைக்க வேண்டும்.

டம்ப்பைப் படிப்பது

64 ஜிபி ரேம் என்றால் 64 ஜிபி டம்ப்பா? தேவையில்லை. மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி வேண்டாத பேஜ்களை வடிகட்டும். அதன் "-டி" எண் ஒரு பிட் மாஸ்க்: 1 என்றால் பூஜ்ஜியம் நிறைந்த பேஜ்கள், 2-ம் 4-ம் கேஷ் பேஜ்கள், 8 யூசர் டேட்டா, 16 காலி பேஜ்கள். ஐந்தையும் தள்ள 1+2+4+8+16, அதாவது "-டி 31". ஓஎஸ் லேபில் பிட் மாஸ்க் எதுக்குன்னு கேட்டவங்களுக்கு இதோ பதில்.

படிக்க "க்ராஷ்" என்ற பெயரிலேயே ஒரு கருவி. அதற்கு டம்ப்போடு, டீபக் தகவல் உள்ள விஎம்லினக்ஸ் ஃபைலும் வேண்டும். செத்த கெர்னலின் அதே பில்டாக அது இருக்க வேண்டும். பதிப்பு எண் ஒன்று என்பதால் மட்டும் போதாது. உள்ளே போனதும் "லாக்" அடித்தால் டிஸ்க்குக்குப் போகாமல் தொலைந்த அந்தக் கடைசி வரிகள் வரும். "பிடி" அடித்தால் விழுந்த நேரத்து ஃபங்ஷன் அழைப்பு வரிசை. "பிஎஸ்" அடித்தால் அப்போது ஓடிய ப்ராசஸ்கள்.

இங்கேயும் ஆர்க்கிடெக்சர் வரும். விழுந்த இடத்தின் முகவரியை எக்ஸ்86-ல் ஆர்ஐபி ரிஜிஸ்டரில் தேடுவோம். ஆர்ம்64-ல் அது பிசி, பவரில் என்ஐபி, எஸ்390எக்ஸில் பிஎஸ்டபிள்யூ. ஆர்ம்64 டம்ப்பை எக்ஸ்86 லேப்டாப்பில் திறக்க வேண்டும் என்றால், க்ராஷ் கருவியை "டார்கெட்=ஆர்ம்64" என்று கொடுத்துத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம்.

டம்ப்பை யாருக்காவது அனுப்பும் முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அது ரேமின் பிரதி. பாஸ்வேர்டு, என்க்ரிப்ஷன் சாவி, யாரோ ஒருவர் டைப் செய்துகொண்டிருந்த மெயில், எல்லாம் அதில் இருக்கலாம். "-டி 31" யூசர் பேஜ்களைத் தள்ளிவிடும், ஆனால் கெர்னலே வைத்திருக்கும் சாவிகள் உள்ளேதான் இருக்கும். டம்ப்பைப் பொதுவில் ஏற்றுவது, வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். பெரும்பாலும் "லாக்", "பிடி" இரண்டின் வெளியீடு மட்டுமே உதவி கேட்கப் போதும்.

ரேமே இல்லாத போர்டுக்கு?

512 எம்பி ரேம் உள்ள சின்ன ஆர்ம் போர்டில் 256 எம்பியை ஒதுக்கச் சொன்னால் நியாயமில்லை. அங்கே ரேம்ஊப்ஸ் போதும். ரேமில் ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி, பேனிக் ஆகும்போது கடைசி கெர்னல் லாக்கை மட்டும் அதில் எழுதும். மின்சாரம் போகாமல் ரீபூட் ஆனால் அது அழியாமல் இருக்கும். அடுத்த பூட்டில் பிஸ்டோர் ஃபைல் சிஸ்டத்தில் அதை எடுத்துப் படிக்கலாம். முழு டம்ப் இல்லைதான், ஆனால் எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

கடைசியாக ஒன்று. கேடம்ப் ஒரு தடவை வேலை செய்தது என்பதற்காக எப்போதும் செய்யும் என்று நம்பாதீர்கள். கெர்னல் அப்டேட் ஆகும், இனிட்ராம்எஃப்எஸ் பெருக்கும், புது நெட்வொர்க் கார்டு வரும், 4 கேபி பேஜ் கெர்னலுக்குப் பதில் யாராவது 64 கேபி கெர்னல் போடுவார்கள். இதில் எது நடந்தாலும் போன மாசம் போதுமாக இருந்த இடம் இந்த மாசம் பத்தாமல் போகலாம், அதைப் பற்றி எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும், வேலை இல்லாத ஒரு நேரம் பார்த்து, நீங்களே அந்த "எக்கோ சி"யை அடித்துப் பாருங்கள். நாம் தேர்ந்தெடுத்த நேரத்தில் ஒரு க்ராஷ் வந்தால் அது பத்து நிமிஷ வேலை. டம்ப் இல்லாமல், அது தேர்ந்தெடுத்த நேரத்தில் வந்தால் எத்தனை வாரம் போகும்னு யாருக்கும் சொல்ல முடியாது.